மக்கும் ஜெல்லுக்குள் உரம்: ஆல்ஜினேட் உருண்டைகளைச் செய்வதும் சோதிப்பதும்

யூரியா 20° செல்சியஸில் 100 மி.லி. நீரில் 100 கிராமுக்கு மேல் கரையும். ஈரமான மண்ணில் இட்ட சில நாட்களிலேயே யூரியேஸ் நொதி அதை அம்மோனியமாக மாற்றிவிடுகிறது. மேல்மண்ணில் கிடந்தால் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகப் போய்விடும். நைட்ரேட்டாக மாறிய பகுதி மழையோடும் பாசனத்தோடும் வேருக்குக் கீழே இறங்கிவிடும். உரத்தை ஒரு மக்கும் ஜெல்லுக்குள் அடைத்து மெல்ல மெல்ல வெளியே விடச் செய்யலாம் என்ற யோசனை இங்கிருந்துதான் பிறந்தது. செய்முறை கடினமானதல்ல. ஒரு சிரிஞ்சும் இரண்டு பீக்கரும் இருந்தால் சில நாட்களில் முதல் தொகுதி தயாராகிவிடும். அந்த உருண்டை உண்மையிலேயே உரத்தைப் பிடித்து வைக்கிறதா என்பதுதான் கடினமான கேள்வி. இத்துறைக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது அங்கேதான். அதனால் செய்முறைக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஜெல் மட்டும் ஏன் போதாது

ஹைட்ரோஜெல் என்பது நீரை உறிஞ்சி உப்பி நிற்கும் ஒரு வலை. கடற்பாசிப் பொருளான ஆல்ஜினேட்டின் ஜெல்லில் அந்த வலையின் கண்கள் குறைந்தது பல நானோமீட்டர் அகலம் கொண்டவை. யூரியா மூலக்கூறோ ஒரு நானோமீட்டருக்கும் சிறியது, அதற்கு மின்னேற்றமும் கிடையாது. வலை அதைத் தடுக்காது. நீருக்குள் யூரியா பரவும் வேகத்துக்கும் ஈரமான ஜெல்லுக்குள் பரவும் வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

25° செல்சியஸில் நீரில் யூரியாவின் பரவல் குணகம் நொடிக்கு ஏறக்குறைய 1.4 × 10⁻⁹ சதுர மீட்டர். ஜெல்லில் சற்றுக் குறைத்து 1.2 × 10⁻⁹ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. விட்டமுள்ள உருண்டையின் ஆரம் 1.5 மி.மீ. ஆரத்தின் வர்க்கத்தைப் பரவல் குணகத்தால் வகுத்தால் சுமார் 1,900 நொடி வரும், அதாவது அரை மணி நேரம். நன்றாகக் கலக்கப்படும் நீரில் அதற்குள் கிட்டத்தட்ட முழு யூரியாவும் வெளியேறிவிடும். உருண்டையின் விட்டத்தை இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். ஆனால் அளவை மட்டும் கூட்டி 30 நாள் தாக்குப்பிடிக்க வைக்க வேண்டுமானால் உருண்டை 11 செ.மீ. விட்டத்துக்கு வளர வேண்டியிருக்கும். அதை யாரும் வயலில் இடப்போவதில்லை.

ஆகவே உரத்தைப் பிடித்து வைக்கும் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். வலையின் நாரோடு அயனியாக ஒட்டும் சத்து, நீரில் மெல்லக் கரையும் உப்பு, நீர் புகாத மேல்தோல் ஆகிய மூன்றில் ஒன்றாவது உருண்டையில் இருக்க வேண்டும். ஜெல் இவற்றுக்கு உடலாக இருக்கும். வேரடியில் ஈரத்தைப் பிடிக்கும், தூளைச் சிதறாமல் வைக்கும், கடைசியில் மக்கிப் போகும். இதை மனதில் இருத்தித்தான் கீழே உள்ள செய்முறைகளை வரிசைப்படுத்தியிருக்கிறோம். முதலில் வரும் யூரியா உருண்டை கை பழகுவதற்காக. மெல்ல விடும் உருண்டைகள் அதற்குப் பிறகு வருகின்றன.

எந்தப் பாலிமர்

சந்தையில் நீரை உறிஞ்சும் துகள்களாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பாலிஅக்ரிலேட் அல்லது பாலிஅக்ரிலமைடு வகையைச் சேர்ந்தவை. அவை நன்றாக உப்பும், ஆனால் அவற்றின் கார்பன் முதுகெலும்பு (மூலக்கூறின் நடுச் சங்கிலி) மண்ணில் மிக மிக மெதுவாகவே சிதையும். மாவுச்சத்தின் மீது அக்ரிலிக் அமிலத்தை ஒட்டவைத்துச் செய்த ஜெல்லை 'மக்கும்' என்று விற்பதைக் காணலாம். அதில் மாவுப் பகுதி மக்கும், அக்ரிலிக் பகுதி அப்படியே தங்கும். பொட்டலத்தில் உள்ள சொல்லை நம்பாமல், முதுகெலும்பு எதனால் ஆனது என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1009 உர ஒழுங்குவிதியும் சத்து வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் பாலிமர்களும் நீரைப் பிடிக்கும் பாலிமர்களும் மக்குவதை நிரூபிக்கச் சொல்கிறது.

புதியவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது சோடியம் ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பாலிசாக்கரைடு இது. கால்சியம் பட்டவுடன் அறை வெப்பத்திலேயே ஜெல்லாகும், சூடோ நச்சு வினைப்பொருளோ தேவையில்லை. இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானைக் கரைக்க 1% அசிட்டிக் அமிலம் வேண்டும். அதை இறுக்கப் பலரும் பயன்படுத்தும் குளூட்டரால்டிஹைடு நச்சுள்ளது, மண்ணுக்குப் போகும் பொருளில் அதைத் தவிர்ப்பதே நல்லது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸை சிட்ரிக் அமிலத்தால் இறுக்கலாம். அதற்கு 80° செல்சியஸோ அதற்கு மேலோ பல மணி நேரச் சூடு தேவை. சூடு குறைந்தால் ஜெல் நீரில் கரைந்தே போகும்.

வேண்டியவை

சோடியம் ஆல்ஜினேட் (நடுத்தரப் பிசுபிசுப்பு), கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், யூரியா, சோடியம் வகை பென்டோனைட் களிமண், காய்ச்சி வடித்த நீர். குழாய்நீர் வேண்டாம். கடின நீரில் உள்ள கால்சியமே ஆல்ஜினேட்டைத் திரித்துக் கட்டியாக்கிவிடும். கருவிகளில் 0.1 கிராம் வரை காட்டும் தராசு, காந்தக் கலக்கி அல்லது சிறு கைக்கலக்கி, 50 மி.லி. சிரிஞ்ச், மழுங்கிய முனையுள்ள 18 முதல் 20 கேஜ் ஊசி, நைலான் சல்லடைத் துணி, 40° செல்சியஸில் நிற்கும் உலர்த்தி ஆகியவை போதும். வெளியீட்டை அளக்க வேண்டியவற்றைப் பின்னர் சொல்கிறோம்.

முதல் தொகுதி: யூரியா உருண்டை

அளவு 500 மி.லி. கலவைக்கு: ஆல்ஜினேட் 10 கிராம், பென்டோனைட் 10 கிராம், யூரியா 50 கிராம். குளியலுக்கு (கலவையைச் சொட்டவிடும் கரைசல்): 1 லிட்டர் கரைசலில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 30 கிராம், யூரியா 100 கிராம்.

குளியலிலும் ஏன் யூரியா என்று கேட்கலாம். மேலே பார்த்த கணக்குதான் காரணம். வெறும் கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டால், ஜெல் இறுகக் காத்திருக்கும் 20 நிமிடத்திலேயே உருண்டைக்குள் இருந்த யூரியாவின் பெரும்பகுதி குளியலுக்குள் போய்விடும். உருண்டை அழகாக இருக்கும், உள்ளே உரம் இருக்காது. இரு பக்கமும் ஒரே செறிவில், இங்கே 10 சதவீதத்தில், வைத்தால் வெளியே ஓட யூரியாவுக்குக் காரணம் இருக்காது.

1. முந்தைய நாளே பென்டோனைட்டை 150 மி.லி. நீரில் தூவி ஊறவிடுங்கள். 12 மணி நேரமாவது உப்ப வேண்டும். மறுநாள் நைலான் துணியில் வடித்துக் கட்டிகளை நீக்குங்கள். இந்த வேலையைச் சோம்பலில் விட்டால் ஊசி அடைத்துக்கொண்டே இருக்கும்.

2. 300 மி.லி. நீரை வேகமாகக் கலக்கி நடுவில் சுழி விழச் செய்யுங்கள். ஆல்ஜினேட் தூளைச் சுழியின் ஓரத்தில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே பிசினும் உள்ளே உலர்தூளுமாகக் கட்டி விழும். அந்தக் கட்டி மணிக்கணக்கில் கலக்கினாலும் கரையாது. தூவி முடித்த பின் இரண்டு மணி நேரம் மெதுவாகக் கலக்குங்கள். சீக்கிரம் கரையட்டும் என்று கொதிக்க வைக்க வேண்டாம், நீண்ட சூட்டில் சங்கிலிகள் அறுந்து ஜெல் பலமிழக்கும்.

3. ஆல்ஜினேட் முழுக்கக் கரைந்த பிறகே பென்டோனைட்டைச் சேருங்கள், யூரியா கடைசியில். யூரியா கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். பாத்திரம் சில்லென்று ஆகி, கலவை தற்காலிகமாகக் கெட்டியாகும். பழைய வெப்பநிலைக்குத் திரும்பும்வரை காத்திருந்து, நீர் ஊற்றி 500 மி.லி. ஆக்குங்கள்.

4. கலவையை மூடிக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காற்றுக் குமிழ்கள் மேலேறி அடங்கும். குமிழோடு சொட்டினால் உருண்டை மிதக்கும், ஒரு பக்கம் இறுகாமல் நிற்கும்.

5. குளியலை மெதுவாகச் சுழலவிட்டு, 5 முதல் 10 செ.மீ. உயரத்திலிருந்து சொட்டுங்கள். ஊசி முனை குளியலைத் தொட்டாலோ குளியலின் துளி ஊசியில் தெறித்தாலோ முனையிலேயே ஜெல் கட்டி அடைத்துவிடும். சொட்டுகள் தனித்தனியாக விழ வேண்டும், நூலாக ஓடக் கூடாது.

6. கடைசிச் சொட்டு விழுந்து 20 நிமிடம் விடுங்கள். ஓர் உருண்டையைப் பிளேடால் வெட்டிப் பாருங்கள். நடுவில் திரவம் தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம்.

7. வடித்து, கால்சியம் இல்லாத 10% யூரியாக் கரைசலில் பத்து நிமிடம் அலசுங்கள். இந்தப் படி முக்கியமானது. உருண்டைக்குள் தங்கிய குளியல் நீரில் கால்சியம் குளோரைடு இருக்கிறது. அது அப்படியே உலர்ந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து உருண்டைகளைப் பிசுபிசுக்க வைக்கும், பயிருக்குத் தேவையில்லாத குளோரைடையும் சேர்க்கும். வெறும் நீரில் அலசினாலோ யூரியா போய்விடும்.

குளியலை மறுமுறையும் பயன்படுத்தலாம். 10 கிராம் ஆல்ஜினேட் அதிகபட்சமாகப் பிடிக்கும் கால்சியம் சுமார் 0.025 மோல். குளியலில் இருப்பதோ 0.2 மோல். ஆனால் ஜெல் சுருங்கும்போது உள்ளிருந்து நீர் பிழிந்து வெளியேறும், அதனால் குளியல் நீர்த்துப்போகும். இரண்டு மூன்று தொகுதிக்கு மேல் நீட்ட வேண்டாம்.

உலர்த்துவது

ஈரத்தில் 3 மி.மீ. இருந்த உருண்டை உலர்ந்ததும் ஒன்றிலிருந்து ஒன்றரை மி.மீ.க்குச் சுருங்கும். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 40° செல்சியஸில் உலர்த்துங்கள், எடை மாறாமல் நிற்கும்வரை. முதல் இரண்டு மணி நேரம் அவ்வப்போது புரட்டிவிடாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வேகமாக உலர்த்தினால் இன்னொரு கேடு. நீர் மேற்பரப்பை நோக்கி ஓடும்போது யூரியாவையும் இழுத்துக்கொண்டு வரும். உருண்டையின் மேல் வெள்ளைப் பூப்போலப் படிகம் படியும். அந்தப் படிகம் மண்ணில் முதல் நீர் பட்டதுமே கரைந்துவிடும். வெளியீட்டு வரைபடத்தில் முதல் மணி நேரத்தில் காணும் செங்குத்தான ஏற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம் இந்தப் பூதான்.

உருண்டையில் எவ்வளவு தழைச்சத்து இருக்கிறது என்பதைக் கலவைக் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் பிழிந்து போன நீரோடு யூரியாவும் போயிருக்கிறது. பாதிக்குச் சற்று மேல் யூரியா என்று கொண்டால் தழைச்சத்து சுமார் 25% வரும். இது திட்டமிடுவதற்கான எண் மட்டுமே. உங்கள் தொகுதியில் ஒரு கிராமை கெல்டால் முறையில் (மொத்தத் தழைச்சத்தை அளக்கும் ஆய்வகச் சோதனை) சோதித்த பிறகு கிடைக்கும் எண்ணைத்தான் இடுபொருள் கணக்கில் பயன்படுத்த வேண்டும். யூரியா ஈரம் இழுக்கும் பொருள், அதனால் உலர்ந்த உருண்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். திறக்கும்போது அம்மோனியா வாடை வந்தால் ஈரம் புகுந்து யூரியா சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வடிவம் கெடுவது பற்றி

உருண்டைக்கு வால் முளைத்தால் கலவை அதிகக் கெட்டி. நீர் சேர்க்கலாம் அல்லது துளை ஒரு கேஜ் பெரிய (கேஜ் எண் சிறிய) ஊசிக்கு மாறலாம். வட்டத் தட்டாக விழுந்தால் கலவை மிகத் தளர்ச்சி, அல்லது சொட்டும் உயரம் அதிகம். உருண்டைகள் கொத்தாக ஒட்டினால் குளியல் போதிய வேகத்தில் சுழலவில்லை.

இவை சின்னச் சங்கடங்கள். பெரிய சிக்கல் உரத்தின் தேர்வில் வரும். டைஅம்மோனியம் பாஸ்பேட்டை இதே கலவையில் போட்டுப் பார்க்கப் பலருக்கும் ஆசை எழும். போடாதீர்கள். பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்துக் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாக்கிவிடும். ஆல்ஜினேட்டுக்குக் கால்சியம் கிடைக்காமல் ஜெல் குழையும். சிட்ரேட்டும் அப்படியே. பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் அதிகமானால் அவையும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து ஜெல்லை மென்மையாக்கும். பொட்டாசியம் நைட்ரேட் சேர்க்க வேண்டுமானால் 5 சதவீதத்துக்குள் வைத்துத் தொடங்குங்கள்.

மெல்ல விடச் செய்யும் மூன்று வழிகள்

முதல் தொகுதியை நீரில் போட்டால் களிமண் இருந்தும்கூடப் பெரும்பகுதி யூரியா ஒரு நாளைக்குள் வெளியே வந்துவிடலாம். யூரியாவைப் பென்டோனைட் ஓரளவுக்குத்தான் பிடிக்கும். இதில் மனம் தளர வேண்டியதில்லை. கை பழகியாயிற்று, இனி பிடிமானத்தைச் சேர்க்கலாம்.

நாரோடு ஒட்டும் சத்து. ஆல்ஜினேட் நாரில் உள்ள கார்பாக்சிலேட் தொகுதிகள் தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு போன்ற அயனிகளைத் தாமே பிடிக்கும். இங்கே மட்டும்தான் ஜெல்லே வெளியீட்டைக் கட்டுப்படுத்துகிறது. துத்தநாக உருண்டை செய்ய, 2% ஆல்ஜினேட்டை 5% துத்தநாக சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் கரைசலில் சொட்டி 30 நிமிடம் விட்டு, மூன்று முறை நீரில் அலசி உலர்த்துங்கள். ஒட்டாத துத்தநாகம் அலசலில் போகும். ஒட்டியது மண்ணில் உள்ள கால்சியம், மெக்னீசியம் வந்து இடம் மாற்றும்போதுதான் வெளியேறும். உலர்ந்த உருண்டையில் ஒட்டிய துத்தநாகம் எடையில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தாண்டாது, அதுதான் கோட்பாட்டு உச்சவரம்பு. நுண்ணூட்டம் சிறிதளவே வேண்டும் என்பதால் இந்த அளவு தாராளம். கால்சியம் குளோரைடையும் துத்தநாக சல்பேட்டையும் ஒரே குளியலில் கலக்க வேண்டாம், ஜிப்சம் படிந்து கலங்கிவிடும்.

அம்மோனியத்துக்கு இந்தப் பிடிமானம் போதாது. அதற்கு ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிமம் உதவும். கிளினோப்டிலோலைட் வகை ஜியோலைட்டை 1 மோலார் அம்மோனியம் சல்பேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, சல்பேட் போகும்வரை அலசி உலர்த்தி, 100 மைக்ரானுக்குக் கீழ் அரைத்து, ஆல்ஜினேட்டில் 10% சேர்த்துச் சொட்டுங்கள். இந்த ஜியோலைட் கால்சியத்தைவிட அம்மோனியத்தையே அதிகம் விரும்பும், அதனால் கால்சியம் குளியலில் இழப்பு குறைவு.

மெல்லக் கரையும் உப்பு. ஸ்ட்ருவைட் என்னும் மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் ஹெக்ஸாஹைட்ரேட்டில் 5.7% தழைச்சத்தும், தனிமமாகக் கணக்கிட்டால் 12.6% பாஸ்பரசும், 9.9% மெக்னீசியமும் உண்டு. நடுநிலை நீரில் மிகக் குறைவாகவே கரையும். வேர் சுரக்கும் அமிலத்தில் அதிகம் கரையும். பாஸ்பேட்டை ஆல்ஜினேட்டுக்குள் கொண்டுபோக இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. 500 மி.லி. 2% ஆல்ஜினேட்டில் 100 மைக்ரானுக்குக் கீழ் அரைத்த ஸ்ட்ருவைட் 50 கிராம் சேருங்கள். இது கனமான தூள். சிரிஞ்சில் நிரப்பி வைத்திருந்தால் அடியில் படிந்துவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிச் சொட்டுங்கள். யூரியா இல்லாத 3% கால்சியம் குளோரைடு குளியல் போதும். நீரிலேயே அலசலாம். உலர்த்துவதில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: 40° செல்சியஸைத் தாண்டாதீர்கள். 50 முதல் 55 டிகிரிக்கு மேல் ஸ்ட்ருவைட் தன் நீரையும் அம்மோனியாவையும் இழக்கத் தொடங்கும்.

நீர் புகாத தோல். தேன்மெழுகு 62 முதல் 64° செல்சியஸில் உருகும். இதை உலர்ந்த ஜெல் உருண்டையின் மேல் பூசத்தான் முதலில் தோன்றும். ஆனால் மண்ணின் ஈரம் ஒரு சிறு துளை வழியே உள்ளே போனதும் ஜெல் உப்பும், மெழுகுத் தோல் வெடிக்கும், உரம் ஒரேயடியாக வெளியே கொட்டும். அடுக்கைத் தலைகீழாக்குங்கள். யூரியாக் குருணையின் மேல் மெழுகு, மெழுகின் மேல் ஜெல்.

2 முதல் 4 மி.மீ. அளவுள்ள யூரியாக் குருணை 100 கிராமைச் சுழலும் பாத்திரத்தில் 60° செல்சியஸ் வரை சூடாக்கி, உருகிய மெழுகு 4 கிராமைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிச் சுழற்றி ஆறவிடுங்கள். மறுபடி ஒரு 4 கிராம். முதல் அடுக்கில் விட்ட ஓட்டைகளை இரண்டாவது அடுக்கு அடைக்கும், அதனால் 8 கிராமையும் ஒரே தடவையில் ஊற்ற வேண்டாம். இரண்டாவது அடுக்கு 50° அருகே இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே உலர்ந்த ஆல்ஜினேட் தூள் 5 கிராமைத் தூவிச் சுழற்றுங்கள். முழுக்க ஆறிய பின் 5% கால்சியம் குளோரைடு கரைசலை மெல்லிய பனியாகத் தெளித்து உலர்த்துங்கள். தழைச்சத்து 40% அளவில் நிற்கும். இங்கே காவல் வேலையை மெழுகு செய்கிறது, ஈரம் பிடிக்கும் வேலையை ஜெல் செய்கிறது. மெழுகும் மக்கும், ஆல்ஜினேட்டைவிட மெதுவாக.

வெளியீட்டை அளப்பது

ஒப்பிட ஏதுமில்லாமல் செய்த அளவீடு எதையும் சொல்லாது. குறைந்தது மூன்று குழுக்கள் வேண்டும்: வெறும் யூரியா, உங்கள் உருண்டை, உரமில்லாத வெற்று உருண்டை. ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று மாதிரிகள்.

1 கிராம் உருண்டையை நைலான் பையில் கட்டி, 250 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 25° செல்சியஸில் மூழ்கவிடுங்கள். 15 நிமிடம், 30 நிமிடம், 1, 2, 4, 8, 24 மணி, பிறகு 3, 7, 14, 28 நாள் என்று 5 மி.லி. எடுங்கள். எடுக்கும் முன் மெதுவாகக் கலக்குங்கள், எடுத்த அளவுக்குப் புதிய நீர் ஊற்றுங்கள். ஆரம்ப மணி நேரங்களை விட்டுவிட்டு முதல் மாதிரியை மறுநாள் எடுப்பவர்கள் முக்கியமான பகுதியையே தவறவிடுகிறார்கள்.

எடுத்த மாதிரியோடு போன உரத்தையும் கணக்கில் கூட்ட வேண்டும். முதல் மாதிரியில் மி.லி.க்கு 0.5 மி.கி. என்றால் நீரில் இருந்தது 125 மி.கி. அதில் 2.5 மி.கி.யை நீங்கள் வெளியே எடுத்துவிட்டீர்கள். இரண்டாவது மாதிரியில் 0.8 என்றால் மொத்த வெளியீடு 200 அல்ல, 202.5 மி.கி. சிறு வித்தியாசமாகத் தெரியும். பத்து மாதிரிக்குள் இது நன்றாக உறுத்தும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

மின்கடத்துதிறன் மானியை யூரியா நீரில் வைத்துவிட்டு 'எதுவும் வெளியாகவில்லை' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். யூரியா அயனியாகப் பிரிவதில்லை, எனவே மானி அதைக் காணாது. அது காட்டுவது மிச்சமிருந்த கால்சியம் குளோரைடைத்தான். பொட்டாசியம் நைட்ரேட்டுக்கும் அம்மோனிய உப்புகளுக்கும் அந்த மானி பொருந்தும். யூரியாவுக்கு பாரா-டைமெத்தில்அமினோபென்சால்டிஹைடு சேர்த்து வரும் மஞ்சள் நிறத்தை 420 நானோமீட்டர் அருகே நிறமானியில் அளக்கலாம். அறிந்த செறிவுள்ள ஐந்து கரைசல்களால் முதலில் அளவுகோல் கோடு வரைந்துகொள்ள வேண்டும். நிறமானி இல்லாதவர்கள் வேகவைக்காத சோயா மாவின் சாற்றை மாதிரியில் சேர்க்கலாம். அதில் உள்ள யூரியேஸ் யூரியாவை அம்மோனியமாக்கும், அப்போது மின்கடத்துதிறன் ஏறும். சோயாச் சாறு தானே தரும் அளவை வெறும் நீரில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த வரைபடத்தை எதோடு ஒப்பிடுவது? ஐரோப்பியத் தரப்படுத்தல் குழு மெல்ல விடும் உரத்துக்கு மூன்று எல்லைகளை வைக்கிறது. 25° செல்சியஸ் நீரில் 24 மணி நேரத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வெளிவரக் கூடாது. 28 நாளில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறிவித்த காலத்துக்குள் குறைந்தது 75% வந்திருக்க வேண்டும். முதல் எல்லையிலேயே எளிய ஜெல் உருண்டைகள் பெரும்பாலும் விழுந்துவிடும். அதனால்தான் நாங்கள் பிடிமானத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம்.

வடிவத்தையும் கவனியுங்கள். ஜெல்லிலிருந்து வரும் வெளியீடு தொடக்கத்தில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் இருக்கும். பயிரின் தழைச்சத்துத் தேவை நேர்மாறானது: நாற்றுப் பருவத்தில் குறைவு, வளர்ச்சி வேகமெடுக்கும்போது உச்சம். மெழுகுத் தோலுள்ள குருணை சில நாள் தாமதித்துத் தொடங்குவதால் இந்த வளைவோடு கொஞ்சம் நெருங்கி நிற்கும்.

நீரில் கண்டது மண்ணில் அப்படியே வராது. பீக்கரில் உருண்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீர், மண்ணில் ஈரப்படலம் மட்டுமே, அதனால் பரவல் மெதுவாகும். மறுபுறம் நுண்ணுயிர்கள் ஜெல்லைத் தின்னத் தொடங்கியதும் வேகம் கூடலாம். 5 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் உள்ள குழாயில் 2 மி.மீ. சல்லடையில் சலித்த 300 கிராம் மண்ணை நிரப்பி, மேலிருந்து 5 செ.மீ. ஆழத்தில் உருண்டைகளை வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை 100 மி.லி. நீர் ஊற்றி, அடியில் வடியும் நீரில் யூரியா, அம்மோனியம், நைட்ரேட் மூன்றையும் அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் அளந்தால் உரம் உருமாறியதை 'வெளிவரவில்லை' என்று தவறாகப் படிக்க நேரும்.

மக்குகிறதா

வெற்று உருண்டைகளை எடை போட்டு நைலான் பையில் ஈரமண்ணில் புதைத்து, 2, 4, 8, 12 வாரங்களில் எடுத்து, மெதுவாக அலசி உலர்த்தி எடை போடுங்கள். முதல் பார்வைக்கு இது உதவும். ஆனால் எடை குறைவது மக்குவதற்குச் சான்றாகாது. ஜெல் துகளாக உடைந்து பையின் கண் வழியே போயிருக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மூடிய ஜாடியில் மண்ணோடு வைத்து, வெளிவரும் கார்பன் டைஆக்சைடை சோடியம் ஹைட்ராக்சைடில் பிடித்து அளக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 17556 தரநிலையின் அடிப்படையும் மண்ணில் ஆக்சிஜன் நுகர்வை அல்லது கார்பன் டைஆக்சைடு வெளியீட்டை அளப்பதுதான்.

மக்கும்போது ஒரு பக்கவிளைவு உண்டு. ஜெல்லின் கார்பனை உண்ணும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். ஜெல் அதிகமாக இட்ட தொட்டியில் தொடக்கத்தில் இலை வெளிறினால் இதையும் சந்தேகப்படுங்கள். அந்தத் தழைச்சத்து பின்னர் மண்ணுக்குத் திரும்பும்.

மண்ணில் இடுவது

தொட்டிக்குக் கணக்கு எளிது. கிலோ மண்ணுக்கு 100 மி.கி. தழைச்சத்து என்றால் 5 கிலோ தொட்டிக்கு 500 மி.கி. உருண்டையில் 25% இருந்தால் 2 கிராம். 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில், வேர் வந்து சேரும் இடத்தில் வையுங்கள். மேற்பரப்பில் தூவினால் ஜெல் காய்ந்து சுருங்கும், யூரியா அம்மோனியாவாகப் போகும். விதைக்கு ஒட்டினாற்போல் வைக்க வேண்டாம், முளைக்கு உப்புச் சூடு படும்.

எக்டேருக்குப் போகும்போது கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. 120 கிலோ தழைச்சத்துக்கு 25% உருண்டை 480 கிலோ வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆல்ஜினேட், அதாவது நூறு கிலோவுக்கு மேல். பரந்த வயலுக்கு இது பொருந்தாது. நாற்றங்கால், தொட்டி, மரக்கன்று நடும் குழி, நுண்ணூட்டம் ஆகிய இடங்களில் ஜெல் உருண்டை நன்றாகப் பொருந்தும். வயலளவுக்கு யோசிப்பவர்கள் மெழுகுக் குருணையின் மேல் மெல்லிய ஜெல் தோல் என்ற வடிவத்திலிருந்தே தொடங்கட்டும், அதில் பாலிமர் பங்கு மிகக் குறைவு.

உவர் மண்ணிலும் உப்புநீர்ப் பாசனத்திலும் எச்சரிக்கை வேண்டும். சோடியம் மெல்ல மெல்லக் கால்சியத்தை வெளியேற்றும், ஜெல் குழைந்து கரையும், நீர் பிடிக்கும் திறனும் சரியும். காய்ச்சி வடித்த நீரில் எடுத்த வெளியீட்டு எண்ணை அங்கே நம்பக் கூடாது. அந்த வயலின் பாசன நீரையே 250 மி.லி. பீக்கரில் ஊற்றி, முதல் 24 மணி நேரச் சோதனையை மறுபடி நடத்திவிட்டு, அதன் பிறகு அளவைத் தீர்மானியுங்கள். தொட்டிச் சோதனையில் நான்கு வரிசை வையுங்கள்: உரமில்லாதது, வெறும் யூரியா, வெற்று ஜெல்லோடு யூரியா, உரம் அடைத்த உருண்டை. தழைச்சத்து பின் மூன்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மூன்றாவது வரிசையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் விளைச்சல் கூடினால், கூட்டியது மெல்ல வந்த உரமா ஜெல் பிடித்த ஈரமா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.